கடையங்கம்

புதன் ராத்திரி ஒன்பதே முக்கால்.
திருவாரூர் பழைய பேருந்து நிலையத்துப் பின்சந்தில்
'வெண்ணாறு' வார இதழின் நான்காம் பக்கம்
இரண்டு பத்தி வெறுமையோடு
என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆசிரியர் ஹாஜா நஜ்முதீனுக்குத்
தஞ்சாவூரில் கண்புரை அறுவை.
ஒற்றைக் கண்ணோடு போனில் சொல்கிறார்:
"தலையங்கத்த நீயே எழுதிடு, உத்திராபதி.
மேட்டூர் எத்தன அடின்னு முதல் பக்கம் சொல்லிடும்.
நாம எந்தக் கரையில நிக்கிறோம்னு
நாலாம் பக்கந்தான் சொல்லணும்."

பத்தொன்பது வருஷமாகப் பக்கம் கட்டுகிறேன்.
கண்ணீர் அஞ்சலிக்குப் பெயர் உண்டு, படம் உண்டு,
பேரன் பேத்தி இருபத்தேழு பேர் வரிசையாக உண்டு.
காணவில்லை விளம்பரத்தில்
தொலைந்த பசுவுக்கும் பெயர் உண்டு, கொம்பில் நீலச்சாயம் உட்பட.
தலையங்கத்துக்குக் கீழே மட்டும்
யாரும் இல்லை.
துணிச்சல் என்று நினைத்திருந்தேன்.
விசைப்பலகையில் விரல் வைத்த பிறகு தெரிகிறது,
ஒளிந்துகொள்ளவும் நல்ல இடம்.

தலை. அங்கம்.
உடம்பு எங்கே என்று கேட்க
இத்தனை நாள் தோன்றவில்லை.
இந்தப் பக்கத்தில் தலை என்றால் தலைமடை,
ஷட்டர் தூக்கினால் முதலில் நனைவது.
மற்றதெல்லாம்
முறை வைத்துக் காத்திருப்பது.

எழுதினேன்:
'நாம் பொறுமை காக்க வேண்டிய நேரமிது.'
அழகாகத்தான் இருந்தது.
குண்டூசியில் தொங்கிய அஞ்சலட்டை
மின்விசிறிக் காற்றில் திரும்பியது.

'சோ. பக்கிரியம்மாள், தலைஞாயிறு, குத்தகைச் சாகுபடி.
போன வாரத் தலையங்கத்தில்
நாம் நாம் என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.
எண்ணிப் பார்த்தேன்.
அதில் ஒன்றிலாவது நான் இருக்கிறேனா?'

பெயரிலேயே தலையை வைத்துக்கொண்டு
கடைமடையில் கிடக்கிற ஊர்.
அந்தப் பக்கம் ஓடுகிற ஆற்றுக்கு
அரிச்சந்திரா என்று பெயர்.
வருகிறேன் என்று சொன்ன தேதியில்
வந்ததேயில்லை.

நாமை அழித்து நாங்கள் என்று போட்டேன்.
உண்மைதான்,
ஆனால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.
'கருதப்படுகிறது' போட்டுப் பார்த்தேன்.
யாரால் என்று
எந்த வாய்க்காலைப் போய்க் கேட்பது?

அட்டையின் ஓரத்தில் ஒரு நம்பர்.
பத்தரைக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"தண்ணி வந்துச்சான்னுதானே?
ஈரம் வந்திருக்கு. தண்ணி வரல.
புழுதியில வெதச்சது மொளச்சு
ரெண்டு எலையோட நிக்குது.
வெங்காயத்தாமரை மட்டும்
முறை தப்பாம வந்து சேர்ந்துடுச்சு."

கொஞ்ச நேரம் தவளைதான் பேசியது.

"எழுதப் போறீங்களா? எழுதுங்க.
அட்டையில எழுதுன பேரப் போட்டுடாதீங்க.
அடுத்த போகத்துக்கும் அதே நெலந்தான் எனக்கு.
நெலத்துக்காரர் உங்க பத்திரிகதான் படிக்கிறார்."

வைத்துவிட்டாள்.

பத்திக்குக் கீழே
எப்போதும் காலியாக விடுகிற அந்த ஒரு வரி உயரத்தை
முதன்முறையாக அளந்து பார்த்தேன்.
ஒரு ஆள் குனிந்து நுழையலாம்.

முதல் வரியாக அதையே வைத்தேன்:
ஈரம் வந்திருக்கிறது. தண்ணீர் வரவில்லை.
மேற்கோள் குறி போடவில்லை.
பொறுமையை எடுத்தேன், நேரமிதுவை எடுத்தேன்,
நாங்கள் எல்லாவற்றையும் அடித்தேன்.
கடைசி வரியில் ஒரே ஒரு நாம்.
நெருக்கி உட்கார்ந்தால்
இரண்டு பேருக்கு இடம் இருக்கும்.

கட்டு ஐந்தேகால் வண்டியில் ஏறியது.
பாதி கச்சனத்தில் இறங்கும்.
தலைஞாயிற்றுக்கு வெள்ளிக்கிழமைதான்.
பத்திரிகையும் முறை வைத்துத்தான் போகிறது.

மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு
ஆசிரியர் கூப்பிட்டார்.
"முதல் வரி யாருதுய்யா?"
"நம்முது" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
சொட்டு மருந்து விடுகிற நேரமாம்.