கை தவறி

ஷ்கோதரில் எங்கள் தெருத் தேவாலயம்
கைப்பந்துக் கூடமாக இருந்த வருடங்களில்
பீடம் இருந்த இடத்தில் நின்றுதான்
நான் சர்வீஸ் போடுவேன்.
சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில்
யாரோ ஒரு புனிதரின் காது மட்டும் தெரியும்.
அதைக் குறிபார்த்து அடிப்போம்.
பட்டால் ஒரு புள்ளி கூடுதல்.

கடவுள் இல்லை என்று சட்டமே சொன்ன நாடு.
இல்லாதவரிடம் சட்டத்துக்கு
ஏன் அத்தனை பயம் என்று
பத்து வயதில் நான் யோசிக்கவில்லை.
பத்து வயதில் எனக்குப் பசிதான் தெரியும்.

அம்மா திரானேக்குப்
புகையிலை ஆலையில் இரவு ஷிப்ட்.
வசந்தத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை
உடம்புக்கு முடியவில்லை என்று லீவு சொல்லிவிட்டு
சன்னலுக்குக் கம்பளி மாட்டி
வெங்காயத் தோல் போட்டு நான்கு முட்டை அவிப்பாள்.
ஜெபம் கிடையாது. சுவருக்கும் காது உண்டு.
முட்டையோடு முட்டை முட்டி உடைப்போம்,
சத்தம் வராமல்.
ஓட்டைக் குப்பையில் போட முடியாது.
குப்பையைக் கிளறுகிற ஆள் தெருவுக்கு ஒருவர்.
பக்கத்து வீட்டு ஹட்டிஜே
கைக்குட்டையில் முடிந்து வாங்கிப்போய்
உரலில் இடித்துத் தன் ரோஜாச் செடிக்குத் தூவுவாள்.
அவளுடைய நோன்பு மாதத்தில்
ஆலையிலிருந்து திரும்பும் அம்மா
விடியுமுன் அவள் கதவை இரண்டு தட்டு தட்டுவாள்.
எழுந்து சாப்பிடு என்று அர்த்தம்.
ஒருத்தியின் கடவுளைப் பற்றி இன்னொருத்தி
ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் விரல் சோதனை.
சிவப்புக் கழுத்துக்குட்டை கட்டிய வியோல்ட்சா,
என்னைவிட நான்கு வயது மூத்தவள்,
அப்பா கட்சிக்காரர்,
வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.
என் கட்டைவிரல் நகக்கண்ணில் சாயம்.
சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாத சாயம்.
அவள் பார்த்தாள்.
அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.
அவள் கையிலிருந்த சிவப்பு மைப் புட்டி
என் கைமேல் கவிழ்ந்தது.
“கழுதை, ஆடாமல் நில்லேன்!”
மை மணிக்கட்டு வரை வழிந்தது.
என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு
அடுத்த பையனிடம் போனாள்.

அடுத்த பையன் பிரெங்.
அவன் விரலில் என்ன இருந்ததோ,
புட்டி காலி.
கோடைக்குள் அவன் குடும்பத்தைச்
சதுப்பு நிலப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது தேவாலயம் மறுபடி தேவாலயம்.
ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.
மனைவிக்காக என்கிறேன், சில சமயம் பாட்டுக்காக.
புதுப் பளிங்குக்குக் கீழே
ஆட்டக் கோடு எங்கே ஓடுகிறதென்று
மண்டியிடும்போது என் முட்டிக்குத் தெரியும்.
“எதற்கு அப்பா இதெல்லாம்? நம்புகிறீர்களா?”
மிலானிலிருந்து மகள் போனில் கேட்கிறாள்.
நம்பிக்கை வருகிறது அம்மா,
பஸ் மாதிரி,
நான் நிறுத்தத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன இடத்தில்
கல்லாவுக்குப் பின்னால் வியோல்ட்சா. நரைத்திருந்தாள்.
ஐம்பது வருடமாக வைத்திருந்த கேள்வி.
கேட்டுவிட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
“மையா? கை தவறியிருக்கும்.
அந்தப் புட்டிகளுக்கு மூடி ஒழுங்காகவே இருக்காது.”
சில்லறையை எண்ணித் தந்தாள்.
இரண்டு முறை எண்ணினாள்.

கை தவறித்தான் இருக்கும்.
பிரெங்கை நினைத்தால்
அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருக்கிறது.
வேண்டுமென்றே கவிழ்த்தாள் என்றால்
கருணைக்கு ஒரு புட்டிதான் அளவு என்றாகிவிடும்.
தவறித்தான் விழுந்தது என்றால்
இத்தனை வருடம் நான் யாருக்கு
நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்?

இந்த வருடமும் வெங்காயத் தோல் சேர்த்தேன்.
சன்னலைத் திறந்து வைத்தே அவித்தேன்.
ஒரு முட்டை கூடுதல்,
பிரெங்குக்கா, அவளுக்கா,
பாதி உரித்த பிறகும் தெரியவில்லை.
விரலெல்லாம் சாயம்.
கை கழுவவில்லை.