கடந்த ஏழு நாட்களில்

கிர்கெனெஸ் மருத்துவமனைக் காகிதம் கேட்கிறது:
கடந்த ஏழு நாட்களில்
உடை அணிய எவ்வளவு சிரமப்பட்டீர்கள்?
நான்கு கட்டங்கள்.
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே எழுந்தேன், ராக்ன்ஹில்த்.
வேலை ஏழரைக்கு.
இடையில் இருப்பது என் விரல்களின் நேரம்.
கருவாட்டை ஊறப்போடுவதுபோல்
வெந்நீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
எல்லாம் வந்தன.
வலது நடுவிரல் மட்டும்
எத்தனை தட்டியும் திறக்காத வீடு.
சட்டைப் பொத்தான்களை அர்வித் போட்டுவிட்டான்,
வாய் திறக்காமல்.
மேலிருந்து இரண்டாவதைத் தப்பான துளையில் மாட்டினான்.
அன்று முழுக்க அப்படியே இருந்தேன்.
சரிசெய்ய முடியாமல் என்று எழுதிவிடாதீர்கள்.
அவன் போட்டது, இருக்கட்டும் என்று.
அதற்கு எந்தக் கட்டம்?

தோலை நினைத்து வெட்கப்பட்டீர்களா?

பதினோரு வருடம் மீன் ஆலையில் நின்றேன்.
நீல மேலங்கி, முழங்கைவரை ரப்பர்.
தரையெல்லாம் செதில்.
வீட்டுக்கு வந்து ரப்பரை உரித்தால்
அதற்குள்ளும் செதில்.
எது கடலுடையது, எது என்னுடையது என்று
ஒருவரும் கேட்டதில்லை.
நகங்களில் குழி விழுந்து, கத்தி நழுவத் தொடங்கியதும்
மேலே கணக்கு அறைக்கு அனுப்பினார்கள்.
கறுப்பு நாற்காலி ஒன்று தந்தார்கள்.
வெட்கம் அந்த நாற்காலியில்தான் பிறந்தது.
எழும்போதெல்லாம் இருக்கையைத் துடைக்கிறேன்,
திருடிய இடத்தைத் துடைப்பவளைப்போல்.
போன வாரம் யூர்கிதா
சாம்பல் நிறக் கம்பளித் துணி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள்.
"குளிருக்கு" என்றாள்.
என் காலடியில் ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

நவம்பரில் போன சூரியன் இன்னும் வரவில்லை.
உங்கள் ஒளிப்பெட்டிக்குள்
உடையில்லாமல், கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறேன்.
நாற்பது விநாடிக் கோடை.
வெளியே வந்து
மறுபடியும் ஆறு சட்டை பொத்தான்.

மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது,
வெண்ணெய்க்கும் மீன்சினைக்கும் நடுவில்.
விரல் மடங்காதவர்களுக்கான ஊசியை
விரல் மடக்கித்தான் அழுத்த வேண்டுமாம்.
செய்தவனுக்கு நல்ல கைகள் போல.

தாம்பத்தியம் பற்றி ஒரு கேள்வி.
என் முதுகில் களிம்பு பூசுமுன்
அவன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறான்.
மிச்சத்தை உங்களிடம் சொல்ல மாட்டேன்.

களைப்பு?
ஆமாம். தூங்கி எழுந்த களைப்பு.
தூக்கமே ஒரு ஷிப்ட் வேலைபோல்.

வியாழனைப் பற்றி யாரும் கேட்கவில்லை,
நானாகச் சொல்கிறேன்.
மதியம் இருட்டில் துறைமுகத்துக்குப் போனேன்,
குதிகாலில் ஆணி அடித்த நடை.
ஒரு படகு உள்ளே திரும்பியது.
கரையில் வேறு ஆளில்லை.
"பிடி!" என்று யாரோ கத்தினார்கள்.
கயிறு வந்தது.
பிடித்தேன்.
பிடித்தபின்தான் தெரிந்தது பிடித்தேன் என்று.
இரும்புத் தூணில் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.
கைகள் என்னைக் கேட்கவே இல்லை.
பையன் ஒருவன் மேலிருந்து கையசைத்தான்,
சாதாரணமாக,
கயிறு பிடிக்கும் எந்தப் பெண்ணுக்கும் அசைப்பதுபோல்.

வெள்ளி முழுக்கப் படுக்கை.
விரல்கள் சமைக்காத தொத்திறைச்சி.
கரண்டி பிடிக்க முடியாமல்
சூப்பைக் கோப்பையோடு குடித்தேன்.
வெள்ளிக்கு "மிக அதிகம்" போட்டுக்கொள்ளுங்கள்,
ஆட்சேபணை இல்லை.
வியாழனையும் அதே பெட்டியில் அடைக்க
எனக்கு மனமில்லை.

இதோ, முடித்துவிட்டேன்.
மூன்று குறிகள் இரண்டு கட்டங்களுக்கு நடுவே,
கோட்டின்மேல் விழுந்திருக்கின்றன.
ஒன்று கை நடுங்கியதால்.
எது என்று சொல்லப்போவதில்லை.

அடுத்த முறை
கொஞ்சம் தடித்த பேனா வையுங்கள்.