மூன்றாம் மாடி, நான்காம் மாடி

முதல் கடிதம் ஜனவரியில் வந்தது,
ரீகா முழுக்க உறைந்திருந்த வாரம்,
கதவிடுக்கில், ரஷ்ய மொழியில்.
பள்ளியில் நான் ஜெர்மன் எடுத்தவள்.
புரிந்தது ஒரே ஒரு சொல்: தண்ணீர்.
லாட்விய மொழியில் பதில் எழுதினேன்,
என் வீட்டுத் தரை காய்ந்துதான் இருக்கிறது என்று.
பொய் இல்லை.
வாஷிங் மெஷினுக்கு அடியில்
குனிந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் கடிதத்தில் சொற்களே இல்லை.
அவள் வீட்டுக் கூரையின் படம்.
தேநீர் கொட்டிக் காய்ந்ததுபோல் ஒரு கறை,
ஓரம் மட்டும் அடர்ந்து.
மூன்றாவது, கடிதமே இல்லை:
துடைப்பக் கட்டை.
நான் துவைக்கப் போட்டதும்
என் பாதத்துக்கு நேர் கீழே
டக். டக். டக்.

பேக்கரியில் இரவு வேலை எனக்கு.
ஏப்ரன் பையில் வீடுவரை வரும் ரை மாவு
கதவு ரப்பரின் பள்ளத்தில் இறங்கி
நாலு வருஷம் ஊறி, பசையாகி, கறுத்து
ரப்பரையே தின்னத் தொடங்கியிருந்தது.
கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தேன்.
கடிகாரமென்றால் ஏழு மணி இருக்கும் இடத்தில்
ஒரு கிழிசல், நகக்கண் அளவு.
இத்தனை கடிதமும் இதற்கா.

புது வளையம் இருபத்தேழு யூரோ.
விறைத்த ரப்பர் வளையாது என்றான் கடைக்காரன்,
மூன்று நாள் அது ஹீட்டர் மேல் கிடந்தது.
ஞாயிறு காலை பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி,
மேல் மூடியில் இரண்டு திருகு,
முன்பலகையில் ஐந்து
(ஒன்று உருண்டு குளியல் தொட்டிக்கு அடியில் போனது.
இன்னும் அங்கேதான்).
ஸ்பிரிங் வைத்த கம்பி வளையம்
நெம்பியதும் தெறித்து
கன்னத்தில் சுளீரென்று ஒரு கோடு இழுத்தது.
பழைய ரப்பர்
பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளைபோல்
இழுக்க இழுக்க, முனகிக்கொண்டே வந்தது.
மடிப்புக்குள் ஒரு பித்தளைப் பொத்தான்,
பத்து சென்ட், நீளமாய் ஒரு செம்பட்டை முடி.
இந்த வீட்டில் யாருக்கும் செம்பட்டை முடி இல்லை.
இப்போது அது வேண்டாம் என்று
டிரம்மின் விளிம்பைத் துடைத்தேன்.

கழற்றுவதுபோல் அல்ல மாட்டுவது.
வடிகால் துளை சரியாக ஆறு மணியில் நிற்கவேண்டும்.
பாத்திரச் சோப்பு தடவி உதட்டை ஏற்றினேன்.
மேலே ஏறினால் கீழே கழன்றது,
கீழே அமுக்கினால் மேலே நழுவியது.
கம்பியை மாட்ட மூன்று கை வேண்டும்,
எனக்கு இருப்பது இரண்டு.
சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
அதற்கு மட்டும் எனக்கும் ரஷ்யம் தெரியும்.

குழாய் வழியாகக் கீழே கேட்டிருக்கும்.
வாசலில் ஸினாயிதா.
கையில் துடைப்பம் இல்லை.
குடல் சரிந்து கிடந்த மெஷினைப் பார்த்தாள்.
என் கன்னத்துச் சிவப்பைப் பார்த்தாள்.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து
சட்டைக் கையை மடித்துக்கொண்டு
மண்டியிட்டாள்.

முடி வெட்டும் கடைக்காரி,
விரல்கள் இடுக்கி மாதிரி.
இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான்,
நடுவில் முரண்டு பிடிக்கும் ஸ்பிரிங்.
"ராஸ்" என்றாள். "த்வா" என்றாள்.
"த்ரீஸ்" என்று என் மொழியில் நான் முடித்தேன்.
கிளிக்.

துணி இல்லாமல் வெறும் டிரம்மை ஓடவிட்டோம்.
கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் ஏறியது.
இரண்டு பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
ரொட்டி வெட்டினேன்;
மேலோட்டை மட்டும் கடித்துத் தின்றாள்.
பிறகு தன் கூரையைப் பார்க்க இறங்கினாள்.
வாசலில் நின்று விரலைக் காட்டி, கீழே காட்டி
என்னவோ சொன்னாள்.
நானும் தலையாட்டிவைத்தேன்.

சுழற்சி ஏறி, அதிர்ந்து, ஓய்ந்தது.
பாதத்துக்கு நேர் கீழே
டக்.

ஒன்றுதான்.
அடுத்ததற்காக மூச்சைப் பிடித்து நின்றேன், வரவில்லை.
ஒன்று என்றால் காய்ந்ததா, ஈரமா?
அதைத்தானே வாசலில் சொல்லிவிட்டுப் போனாள்.

ஸாக்ஸ் போட்ட குதிகாலால்
நானும் ஒன்று தட்டினேன்.