பட்டியலில் இல்லாத வட்டு

மூன்றாம் அடுக்கில் செம்மஞ்சள் விளக்கு.
வியாழன் இரவிலிருந்து
பெட்டி விக்கிக்கொண்டிருந்தது
பிரிட்ஜுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே,
பத்து நிமிடத்துக்கு ஒரு விக்கல்.

நாலு பேர் காசு போட்டு வாங்கிய பெட்டி.
ஷம்நாத் அதில் பந்தாட்டம் சேர்க்கிறான்,
அவன் அணி தோற்ற ஆட்டங்களை மட்டும்.
மரியநாயகத்தின் மகள் முதன்முதல் நடந்த
பதினொரு நொடி அதில் இருக்கிறது,
படம் பிடித்தவர் கை ஆடியிருக்கிறது.
தவசீலன் என்ன வைத்திருக்கிறான் என்று யாரும் கேட்டதில்லை.
என்னுடையவை ஓவர்டைம் தாள்கள்:
இருபத்தாறு மாதம், தேதிவாரியாக,
ஃபோர்மன் கையெழுத்தோடு போனில் பிடித்தவை.
கேட்கப் போனால் முதீர்
சாயாவைக் கலக்கிக்கொண்டே
பாதேன், பாதேன் என்பார்.

நாலு வட்டில் ஒன்று போனால் மூன்று தாங்கும்.
இன்னொன்றும் போனால்
தாள், மகள், பந்து எல்லாம் போச்சு.

ஹவல்லியில் பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து போய்
வட்டு கேட்டேன்.
பெட்டிக் கம்பெனி தன் பெயர் ஒட்டி விற்பது எழுபத்தெட்டு தினார்.
ஏதோ வங்கியின் சர்வரில் ஓடிக் கழிந்தது முப்பத்தாறு.
இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தேன்.
எடை ஒன்றுதான்.
வெளியே புழுதிக் காற்று,
வட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

நூறு ஃபில்ஸ் காசால் திருகைத் திருப்பிச்
செத்ததை உருவி, இதைச் செருகினோம்.
பெட்டி யோசித்தது.
ஏசி ஓடியும் எங்களுக்கு வியர்த்தது.
திரையில் வந்தது:
இந்த வட்டு எங்கள் பட்டியலில் இல்லை.

கெட்டது என்று சொல்லவில்லை.
வேகம் போதாது என்றும் சொல்லவில்லை.

"இதுக்கும் கஃபீல் வேணுமாடா?"
மரியநாயகம் கேட்டார். சிரித்தோம்,
மூன்று பேர்.
இகாமா முடிந்து நாலு மாதம்,
தனாசில் தர மாட்டேன் என்கிறான் பழைய முதலாளி,
தவசீலன் வட்டின் லேபிளைத்
துடைத்துக்கொண்டிருந்தான்.

ஷம்நாத் எங்கிருந்தோ ஒரு குட்டி நிரல் பிடித்து வந்தான்.
பெட்டிக்குள் இறங்கி
பட்டியலில் வட்டின் பெயரை எழுதிவிட்டு வந்துவிடுமாம்.
"இது தப்பில்லையா?"
"நம்ம பெட்டிதானே."
"கம்பெனிக்கு அப்படித் தோணலையே."
பேச்சு அதோடு நின்றது, விக்கல் வந்ததால்.

பெயரை ஓர் எழுத்து பிசகாமல் அடிக்க வேண்டும்.
தவசீலன் வாசித்தான்.
கவுன்டர் கவுன்டராகச் சிவில் ஐடி சொல்லிப் பழகிய குரல்:
மும்மூன்றாக,
நடுவே மூச்சு விட்டு,
சைபர் வேறு ஓ வேறு என்று பிரித்து,
கண்ணாடிக்கு அப்பால் இருப்பவன்
நிமிர்ந்து பார்க்காவிட்டாலும்.

இருபத்தொன்பது மணி நேரம்
மூன்று வட்டுகள் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம்
நாலாவதுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.
ஃப்யூஸ் போய்விடும் என்று வாஷிங் மெஷினைத் தொடவில்லை.
கெட்டில் போடுவதற்குக்கூட அனுமதி கேட்டோம்,
யாரிடம் என்று தெரியாமல்.

ஞாயிறு விடியலில் பச்சை.
மார்ச் பதினாலைத் திறந்து பார்த்தேன்:
நாலு மணி நேரம், கையெழுத்து, எண்ணெய்க் கறை.
இருக்கிறது.
மரியநாயகம் பதினொரு நொடியையும் ஏழெட்டு முறை பார்த்தார்.
தவசீலன் எதையும் திறக்கவில்லை.
பெட்டியின் மேல் கையை வைத்திருந்தான்,
சூடு பார்ப்பவன் போல.

அடுத்த அப்டேட்டில் பட்டியல் புதிதாகும்,
இந்தப் பெயர் அழியும், திரும்ப எழுத வேண்டும்
என்றான் ஷம்நாத்.
வேலைக்குப் போகும் முன்
அட்டையில் எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினேன்:

அப்டேட் கேட்டால்
யாரும் சரி கொடுக்க வேண்டாம்.
கீழே சின்னதாக இருக்கும், அதை அமுக்கவும்:
பிறகு.