கொஞ்சம் பின்னால்

ஸ்வெர்ரே முதலில் கேட்டது விலையை அல்ல.
"இதை மழையில் பிடிக்கலாமா?"
பெர்கனில் எல்லோரும் கேட்பதுதான்.
ரப்பர் மூடிகளைத் திறந்து காட்டினேன்,
ஒவ்வொன்றையும் நகத்தால் நெருடிப் பார்த்தார்.
கற்றுக்குட்டிக் கேமராவுக்கு ஒரு படி மேல்,
பத்திரிகைக்காரர்கள் சுமப்பதற்கு இரண்டு படி கீழ்,
ஆசைக்காரர்களுக்கென்று செய்த எஸ்.எல்.ஆர்.
ஆசைக்காரர்களுக்குத்தான் சந்தேகம் அதிகம்.

அடுத்த சனிக்கிழமை சொந்த மெமரி கார்டோடு வந்தார்.
அபெர்ச்சரை ஊசித்துளையாய்ச் சுருக்கி
எங்கள் வெள்ளைச் சுவரை எடுத்தார்,
சென்சாரில் தூசி இருந்தால் காட்டிக்கொடுக்குமாம்.
லென்ஸ் மூடியைக் கழற்றாமலே
முப்பது நொடி இருட்டை எடுத்தார்.
இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி.
"மச்சம்" என்றேன்.
சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

இரண்டாங்கைச் சரக்கு.
ஷட்டர் இதுவரை நாற்பத்தோராயிரம் முறை
திறந்து மூடியிருக்கிறது.
யார் யார் எதிரே நின்றார்களோ என்று நான் நினைத்தேன்.
அவர் மீதி எத்தனை என்று கணக்குப் போட்டார்.

உள்ளே முதலாளி க்னூட் முனகினார்.
தானம் கொடுத்த மாடா இது,
பல்லைப் பிடித்துத்தான் பார்க்கட்டுமே என்றேன்.

கிடங்கின் விளக்கை அணைக்கச் சொன்ன வாரம் ஒன்று உண்டு.
ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற ஏற்ற
அட்டைப்பெட்டிகள் மேல் மணல் பொழிந்தது.
ஆறாயிரத்து நானூறு வரை பொறுக்கலாம்,
அதற்குமேல் ரவை.
கையுறையோடு பிடித்தார், கழற்றிப் பிடித்தார்,
சுண்டுவிரலுக்கு இடமில்லை என்றார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கைகள்,
கொள்கலனை முட்டைபோல் இறக்கி வைப்பவை,
ஷட்டரை அழுத்த மட்டும் ஒரு கணம் தயங்கும்.

ஐந்தாவது வாரம்
என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார்.
திரையில் என் கண்ணைப் பெரிதாக்கினார்,
இன்னும் பெரிதாக்கினார்.
இமைமயிர் வெறும் புகை.
காதுத் தோடு மட்டும் கத்திமுனை.
"பார், ஃபோகஸ் கொஞ்சம் பின்னால் விழுகிறது."
ஸ்கேலைச் சாய்த்து வைத்து எடுத்தும் அதேதான்.
மெனுவுக்குள் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்றேன்.
"திருத்த வேண்டியதை எதற்கு வாங்க வேண்டும்?"

அதற்கடுத்த சனி அவர் வரவில்லை.
மழை வந்தது.
துடைத்து வைக்கலாமென்று கையில் எடுத்தேன்.
தூசி எந்த மூலையில், மச்சம் எங்கே,
எதற்குமேல் ரவை, எவ்வளவு பின்னால்,
எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.
ஒன்பது வருடம் கூட வாழ்ந்தவனைப் பற்றி
இவ்வளவு நான் தெரிந்துகொண்டதில்லை.

ஊழியர் தள்ளுபடி பதினைந்து சதவீதம்.
க்னூட் என்னை இரண்டு முறை பார்த்துவிட்டு
ரசீது எழுதினார்.

ஸ்வெர்ரே வந்தார்.
கண்ணாடி அலமாரியில் வெற்றிடம்.
"விற்றுவிட்டதா?"
"விற்றுவிட்டது."
"எதையும் சோதிக்காமல் எவனோ..."
"எல்லாம் சோதித்த பிறகுதான்."

மேசைக்கடியிலிருந்து எடுத்தேன்.
கதவருகே சொட்டும் தொப்பியோடு அவர்,
வாய் பாதி திறந்து.
ஒரே ஒரு படம்.

இருவரும் குனிந்து பார்த்தோம்.
முகம் பஞ்சு.
அவருக்குப் பின்னால், டிராம் நிறுத்த விளக்கடியில்,
துளித்துளியாய் எண்ணிவிடலாம் போல மழை.

"சொன்னேனே" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"பெரிதாக்கு" என்றார்,
மழையை.