மெய் மேல் புள்ளி

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்,
ஒன்று ஜெர்மனில், ஒன்று பிரெஞ்சில்.
மூன்றாவது மொழிக்கு மணிக்கணக்கில் கூலி;
அது நான்.

காலை ஒன்பதே கால்.
மருத்துவர் ஏபிஷர், நான்,
வாயை முழுதாகத் திறக்க முடியாத தியோகுப்பிள்ளை.
மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில்
ஒன்றரை நுழைந்தது.

ஹோட்டல் குசினியில் இருபத்திரண்டு வருடம்.
இரவு வேலைக்குக் கண் சொருகாமல்
பாக்கும் புகையிலையும், இடது கொடுப்புக்குள்.
"முழிப்பா வைச்சிருந்தது அதுதான்" என்றார்.
சொன்னேன். ஏபிஷர் எழுதிக்கொண்டார்.

"என்ர அப்புவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.
எனக்குள்ள எந்த எழுத்துப் பிழைச்சது?"

சில இடங்களில் பிழைத்திருக்கிறது என்றார் ஏபிஷர்.
ஆனால் இந்த ஒரு மரபணுவில்
எழுத்தெல்லாம் சரி.
தாளில் ஒரு கோடு இழுத்து
அதன் மேல் கறுப்பு வட்டங்களை வரிசையாக வைத்தார்.
மெதிலேற்றம்.
அந்தச் சொல் என் அகராதியில் இருந்தது,
வாயில் இல்லை.

"அண்ணை, 'க'வுக்கு மேல புள்ளி வைச்சா?"
"இக்."
"'க' எங்க போச்சு?"
"அங்கதான் கிடக்கு. உயிர் போயிட்டுது."

இலக்கணத்தில் உயிர் என்றால்
வெறும் அகர ஓசை.
அதைச் சொல்ல நேரம் தராமல்
அறை அமைதியாகிவிட்டது.

பெருகும் அணுவைப் பார்த்து
'நில்' என்று சொல்ல வேண்டிய காவல் எழுத்து அது.
அழியவில்லை, திரியவில்லை.
இருந்த இடத்திலேயே இருக்கிறது,
தலையில் புள்ளியோடு, வாய் மூடி.

இவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்றார் ஏபிஷர்.
மொழிபெயர்ப்பாளர் எதையும் சேர்க்கக் கூடாது;
ஒப்பந்தத்தில் நான்காவது விதி.
ஒப்புக்கொண்டேன். புள்ளியைக் காட்டினேன்.
தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தவர்
"அதை அழிக்கலாமா, உங்கள் மொழியில்?" என்றார்.

எல்லாவற்றையும் அழித்தால்
இவர் பெயர் தியோகுபபிளளை ஆகிவிடும் என்றேன்.
அதேதான் என்றார்.
அழிக்கும் மருந்துகள் உண்டு.
வேண்டிய புள்ளி எது, வேண்டாதது எது என்று
அவை இன்னும் படிக்கவில்லை.
கல்லீரல் கல்லீரலாக இருப்பதும்
புள்ளிகளால்தான்.

தன் பெயர் உடைந்ததைக் கேட்டு
தியோகுப்பிள்ளை கொடுப்புக்குள் சிரித்தார்.
சிரிப்பு வலித்தது போல;
கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

வியாழன், ஏழரை மணி.
நாக்கில் ஒரு பங்கு, கன்னத்தின் உட்புறம்,
கழுத்துக் கட்டிகள்.
எந்த எழுத்துகள் வராமல் போகும் என்று கேட்டார்.
இந்தக் கேள்விக்கு ஜெர்மனில் பதில் இல்லை.
நாங்கள் இருவரும்
ட, ண, ள, ழ என்று நாக்கை மடித்து மடித்துப் பார்த்தோம்,
ஏபிஷர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தார்.

ஒப்புதல் படிவத்தில் தமிழில் கையெழுத்து வைத்தார்.
எழுத்தெல்லாம் முதலில்.
பிறகு 'ப'வுக்கு மேல் ஒரு புள்ளி.
'ள'வுக்கு மேல் பேனா நின்றது.

"இது வியாழனுக்குப் பிறகு வைக்கிறன்."

ஏபிஷர் என்னைப் பார்த்தார்.
எனக்கு ஜெர்மன் வரவில்லை.