தலையெழுத்து

"மூச்... நிமிடத்... எத்தனை..."
உபர்னாவிக் மருத்துவமனையில் செவிலி பானீரக்குக்
கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.
ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, நூக்கில்,
டாக்டர் முழு வாக்கியம்தான் சொல்லியிருந்தார்.

நடுவில் சாட்டிலைட். அந்த ஊருக்கென்று
எட்டு மெகாபிட், அதற்கு மேல் சொட்டுக்கூடக் கிடையாது.
அன்றிரவு ஹேண்ட்பால் அரையிறுதி வேறு.

தரைநிலையத்தில் நிவீக்கா
கையுறையைப் பல்லால் கழற்றிப் போட்டுவிட்டு
சுவிட்சுக்குள் நுழைந்தாள்.

பாக்கெட்டின் தலையில் ஆறு பிட் இடம் இருக்கிறது.
அங்கே எழுதியிருப்பதுதான் அதன் தலையெழுத்து.
நம்முடையதைப் போலல்ல,
அழித்து எழுதலாம்.
டாக்டரின் குரலுக்கு நாற்பத்தாறு என்று எழுதினாள்:
யாருக்காகவும் நிற்காதே, முன்னால் போ.
எக்ஸ்ரே படங்களுக்கு அடுத்த வரிசை.
மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடம் அதற்கும் பின்னால்.
வீடியோ எதுவானாலும் மொத்தம் இரண்டு மெகாபிட்;
மீறினால் கொட்டிவிடு.

எழுதி முடித்தாள். குரல் உடைந்தபடியே இருந்தது.
கொள்கையை எந்தப் போர்ட்டிலும் கட்டவில்லை.
கட்டினாள். இன்னும் உடைசல்.
உள்ளே வரும் திசையில் கட்டியிருந்தாள்,
நெரிசலோ வெளியே போகும் வாசலில்.
டேனிஷில் ஒருமுறை தன்னைத்தானே திட்டிக்கொண்டு
அவிழ்த்துத் திருப்பிக் கட்டினாள்.

"கேட்கிறது," என்றாள் பானீரக்.
"அவர் நாற்காலி கிறீச்சிடுவதுகூட."

அதோடு எழுந்து காப்பி குடிக்கப் போயிருக்கலாம்.
எண்ணிக்கையைப் பார்த்தாள்.
கொட்டியவை: பதினோராயிரத்துச் சொச்சம்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாயிரம்.

மறுபடி தொலைபேசி.
ஹாலிபட் மீன் பிடிக்கும் அபுட்சியாக், அதே ஊரிலிருந்து.
"மாலீனா நூக்கிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள்.
ஏதோ சொல்ல வந்தாள், முகம் நின்றுவிட்டது,
வாய் திறந்தபடி."

வீடியோ என்றால் ஹேண்ட்பால் என்று
நினைத்து எழுதியது நிவீக்காதான்.
அதுவும் குரல்தான்,
தலையில் எண் போடாத குரல்.
"பத்து நிமிடம் பொறு," என்றாள். வேறென்ன சொல்ல.

அதற்குள் டாக்டர் பேச்சை நிறுத்தியிருந்தார்.
அங்கிருந்து வரும் குழந்தையின் மூச்சை
எண்ணிக்கொண்டிருந்தார்.
இருபது மில்லிசெகண்டுக்கு ஒன்றாக
அவருடைய மௌனமும் பாக்கெட்டாகி,
தலையில் நாற்பத்தாறோடு,
மாலீனா சொல்ல வந்ததை ஓரம் கட்டிவிட்டு
வானேறிப் போய்க்கொண்டிருந்தது.